ட்ரூயிட் கதை எழுத வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கெல்ட் மக்களையும், ட்ரூயிட் எனப்பட்ட அவர்களுடைய பூசகர்களையும் வைத்துத் தமிழில் சரித்திரக் கதை எழுத நினைப்பவர், முதல் வரிக்கு முன்னால் ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் குறித்துக்கொள்ள வேண்டும். "பழங்கால ஐரோப்பா" என்று பொதுவாகத் தொடங்கினால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை தடம் புரளும். அயர்லாந்திலிருந்து இன்றைய துருக்கியின் நடுப்பகுதி வரை பரவிக் கிடந்த மக்கள் அவர்கள். வீடும் தேரும் உடையும் இடத்துக்கு இடம் வேறு. புதிதாக எழுதுபவருக்கு இரண்டு களங்கள் கைகொடுக்கும். ஒன்று, கி.மு. 58-இல் தொடங்கி ரோமத் தளபதி சீசர் போரிட்ட காலியா, அதாவது பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ். மற்றது, கி.பி. 60-ஐ ஒட்டி ரோமப் படை தாக்கிய மோனா தீவு. இன்று அதன் பெயர் ஆங்கிள்சி, வேல்ஸ் நாட்டின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது.

ட்ரூயிட்கள் தங்கள் கல்வியை எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் அயலாரான ரோமர் எழுதியதுதான்: சீசரின் காலியப் போர்க் குறிப்புகளில் ஆறாம் புத்தகம், பிளினியின் இயற்கை வரலாற்றில் பதினாறாம் புத்தகம், டாசிட்டஸின் ஆண்டுக் குறிப்புகளில் பதினான்காம் புத்தகம். மூன்றிலும் தேவையான பகுதி சில பக்கங்களே. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். ரோமர் சொன்னது, மண்ணில் கிடைத்தது, நான் கற்பனை செய்தது. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றையும் நிரப்பிப் பார்த்தால், எந்த இடம் அந்தரத்தில் தொங்குகிறது என்று உடனே தெரியும்.

பாத்திரத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ட்ரூயிடைத் தாடி வளர்த்த காட்டு முனிவராக எழுதிவிடுகிறார்கள். சீசர் காட்டும் ட்ரூயிட் அதிகாரம் உள்ளவர். கொலை, சொத்து, எல்லைத் தகராறு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்பவர். வரி இல்லை, போருக்குப் போக வேண்டியதில்லை. தீர்ப்பை மீறியவனைப் பலிச் சடங்கிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவன் வழக்கை யாரும் கேட்க மாட்டார்கள். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று நம் பக்கத்துக் கிராமங்களில் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த ஒரு குறிப்பே ஒரு நாவலுக்குப் போதும். தலைமை ட்ரூயிட் இறந்து, அடுத்த இடத்துக்குச் சமமான இருவர் நின்றால் வாக்கு எடுப்பார்கள், சில சமயம் ஆயுதமும் எடுப்பார்கள் என்றும் சீசர் சொல்கிறார். ஆண்டுதோறும் கார்னூட்டஸ் குலத்தாரின் நாட்டில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தையே கதையின் உச்சமாக வைக்கலாம்.

படிப்பைக் காட்டும் காட்சிக்கு நல்ல பயிற்சி வடாற்காட்டிலேயே இருக்கிறது. சிலர் இருபது ஆண்டுகள் வரை பாடல்களை மனப்பாடம் செய்தார்கள் என்கிறது சீசரின் குறிப்பு. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கும் ஊரில் கூத்து வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பையனுக்குப் பாட்டு ஏற்றுவதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் பையன் தடுமாறுகிறான், வாத்தியார் சொல்லைத் திருத்துகிறாரா தாளத்தைத் திருத்துகிறாரா, மறந்த அடியை எதைப் பிடித்து மீட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கதைக்கு எடுக்க வேண்டியது இந்த உடல் அசைவுகளைத்தான். பாரதத்தையோ மிருதங்கத்தையோ அங்கே கொண்டுபோகக் கூடாது. யாகம், மந்திரம், குருகுலம் என்ற சொற்களையும் தவிர்த்துவிட்டு பலி, பாட்டு, தோப்பு என்று எழுதினால் வாசகர் மனம் கங்கைக் கரைக்குப் போகாது.

எல்லோரும் எழுத ஆசைப்படுவது புல்லுருவிச் சடங்கு. பிளினி தரும் விவரம் இவ்வளவுதான்: ஓக் மரத்தில் வளர்ந்த புல்லுருவி, நிலவின் ஆறாம் நாள், வெள்ளை உடுத்திய பூசகர், பொன் அரிவாள், கீழே விரித்துப் பிடித்த வெள்ளைப் போர்வை, இரண்டு வெள்ளைக் காளைகள். நம் மாந்தோப்பில் புல்லுருவியைப் பார்த்தவர் அதையே வர்ணித்துவிடும் அபாயம் உண்டு. இங்குள்ளது செம்மஞ்சள் குழல் பூ பூக்கும். அங்குள்ளது மஞ்சள் கலந்த பச்சை, இரண்டிரண்டாக எதிரெதிர் இலை, குளிர்காலத்தில் வெள்ளைக் காய், உள்ளே பிசின் போன்ற சதை. மரம் இலையெல்லாம் கொட்டி நிற்கும்போது பந்துபோல் வளர்ந்த இந்தப் புல்லுருவி மட்டும் பச்சையாக இருக்கும். சடங்கின் வியப்பு முழுவதும் அதில்தான். ஓக் மரத்தில் அது அபூர்வமாகவே வளரும் என்பதால் தேடி அலையும் காட்சி ஒன்றும் வேண்டும். பொன் மென்மையான உலோகம், மரத்தண்டை அறுக்காது. வெண்கல அரிவாளுக்குப் பொன் பூச்சு என்று வைத்தால் நம்பலாம். ஆறாம் நாள் என்பது நமக்கு வளர்பிறை சஷ்டி. பொழுது சாயும்போது நிலா தெற்கே உயரத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். விடியும்வரை நிலவொளி என்று எழுதினால் கணக்குத் தவறு.

காலக் கணக்குக்குக் கொலினி நாட்காட்டி இருக்கிறது. பிரான்சில் 1897-இல் உடைந்த வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்தது. ஐந்து ஆண்டுக்கு 62 மாதங்கள், அதில் இரண்டு கூடுதல் மாதங்கள், ஒவ்வொரு மாதமும் இரண்டு பாதி. வேலூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் அதிக மாதம் பார்ப்பதை அறிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும். இன்னொன்று, ஒரு நாள் என்பதை இரவிலிருந்து தொடங்கி எண்ணுவது காலியர் வழக்கம்.

வெளிச்சத்தை மறக்காதீர்கள். வேலூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஆங்கிள்சியில் கோடையின் நீண்ட பகல் சுமார் 17 மணி நேரம், குளிர்காலத்தின் குறுகிய பகல் ஏழரை மணி நேரம். ஒளிந்து செல்லும் பயணங்களை இதற்கேற்ப அமைக்க வேண்டும்.

வீடு பிரிட்டனில் வட்டம், காலியாவில் பெரும்பாலும் செவ்வகம். வட்ட வீட்டின் கூரை உச்சியில் புகைபோக ஓட்டை வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் காற்று இழுத்து, தீப்பொறி ஏறி, வேய்ந்த கூரையே பற்றிக்கொள்ளும். புகை மேலே தேங்கி, கூரை வழியாக மெல்லக் கசியும். உள்ளே வருபவர் குனிந்து உட்கார்ந்தால்தான் கண் எரியாது. சாப்பாட்டில் வாற்கோதுமை, பன்றி இறைச்சி, பால், தேன், பீர். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, அங்கே இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் தோல் வேலையைத் துல்லியமாக எழுதுவார்கள். ஆனால் ரோமர் வருமுன் பிரிட்டனில் பட்டை ஊறவைத்த தொட்டி வேண்டாம். கொழுப்பு தேய்த்துப் புகை போட்டுப் பதப்படுத்தியதாக எழுதுவதே பாதுகாப்பு.

ஸ்டோன்ஹெஞ்சில் சடங்கு வைப்பது மிகப் பழைய தவறு. அந்தக் கற்களின் முக்கியப் பகுதி கி.மு. 2500-ஐ ஒட்டி நட்டது. ட்ரூயிட்களைப் பற்றிய பதிவுகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தையது. ஓகம் எழுத்தும் காலியாவுக்கு ஆகாது, அது பிற்கால அயர்லாந்துக்கு உரியது. பெயரில் "ரிக்ஸ்" என்ற முடிவு அரசனைக் குறிக்கும், மாட்டுக்காரனுக்கு வைக்காதீர்கள்.

மாடு கவரும் சண்டை எழுதுவதாக இருந்தால், செங்கம் வட்டாரத்து நடுகற்களை ஒருமுறை நேரில் பாருங்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர், கள்ளர் இருவரைக் கடித்தது என்கிறது கல்வெட்டு. நாயின் பெயரைச் சொன்ன அந்த ஒரு வரியால் சண்டை முழுவதும் கண்முன் வருகிறது. உங்கள் காட்சிக்கும் அப்படி ஒரு சிறு உயிர் வேண்டும்.

மோனாவை முடிவாக வைப்பவர்கள் நிகழ்ச்சி வரிசையை மாற்றக் கூடாது. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகில் காலாட்படை, நீரில் இறங்கி நீந்தும் குதிரைப்படை, கரையில் கறுப்பு உடுத்தித் தீப்பந்தம் ஏந்தி ஓடும் பெண்கள், கையை வானுக்கு உயர்த்திச் சாபமிடும் ட்ரூயிட்கள், ஒரு கணம் உறைந்து நிற்கும் ரோம வீரர்கள், பிறகு வெட்டு, பிறகு தோப்புகளை அழிப்பது. அந்த வேலை நடக்கும்போதே பிரிட்டனின் கிழக்கில் அரசி பூடிக்கா ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த செய்தி வருகிறது, தளபதி பௌலினஸ் திரும்பிப் போகிறான். தோப்பு வெட்டும் காட்சியும் தூதன் வரும் காட்சியும் ஒரே அத்தியாயத்தில் இருக்கட்டும்.