கையாளாகவே நின்றுவிடாமல் கட்டுமானத் தொழில் கற்பது எப்படி?

வடசென்னையின் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளில் பலர், மாமாவோ சித்தப்பாவோ கூட்டிச் செல்ல, கட்டட வேலைக்குள் கையாளாக, அதாவது கலவை சுமக்கும் உதவியாளாக, நுழைகிறார்கள். முதல் நாளே கூலி கைக்கு வருவதால் வேறு யோசனை எழுவதில்லை. ஆனால் கலவை சுமப்பவரிடம் கரணையை (கலவை பூசும் கருவி) கொடுத்துப் பழக்கினால் அன்றைய வேலை பின்தங்கும் என்பதால் மேஸ்திரி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். பத்து ஆண்டு கழித்தும் சட்டி தலையிலேயே இருக்கும். சித்தாள் பெண்கள் கதை இதைவிட மோசம். எனவே வேலைக்குச் சேரும்முன் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, கரணை எப்போது கைக்கு வரும் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

இதற்கு நேரான வழி ஐடிஐ. வடசென்னையிலும் அம்பத்தூரிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. பிளம்பர், வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீசியனுக்குப் பத்தாம் வகுப்பும் இரண்டாண்டுப் படிப்பும் தேவை. எல்லாப் பிரிவும் எல்லா நிலையத்திலும் இராது என்பதால், இணையத்தில் விண்ணப்பிக்கும்முன் நேரில் ஒருமுறை விசாரிப்பது நல்லது. ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு.

அடுத்தது தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள், பள்ளி இடைநின்றவருக்கு மாதம் 5,000 ரூபாய், ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய் எனக் குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒப்பந்தம்: மத்திய அரசின் பழகுநர் இணையதளத்தில் அது பதிவாகி, அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவனை ஓர் ஒப்பந்தக்காரர் ‘டிரெய்னிங்’ என்று சொல்லி ஒன்றரை ஆண்டு வைத்திருந்தார். ஒப்பந்தம் எழுதாததால், முடிவில் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை, குறைந்த கூலி மட்டுமே மிஞ்சியது.

மேஸ்திரியிடமே கற்பதானால் அதையும் முறையாகச் செய்யலாம். சொந்தமாக ஒரு கரணை, தூக்குக்குண்டு (செங்குத்து பார்க்க), ரசமட்டம் (கிடைமட்டம் பார்க்க), நூல், மணியாசுக்கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமன்செய்ய) வாங்கிக்கொள்ளுங்கள். கருவியோடு வருபவனுக்குத்தான் மதிய இடைவேளையில் நாலு செங்கல் வைத்துப் பார்க்க இடம் கிடைக்கும். முதலில் மூலை எடுக்கப் பழகுங்கள்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. அடுத்தது டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் தங்கியிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ஆகவே இரு முனைகளையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தூணுக்குத் தூண் குறிக்க வேண்டும். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் அது கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுக் கலவையில் தண்ணீர் சேர்த்தபின் அரை மணிக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பல இடங்களில் நடக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கம்பி வேலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரத்தைப் பாடமாகக் கொள்ளலாம். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருமனில் பெருகுவதால் பழைய வீடுகளின் கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கம்பிக்கும் கான்கிரீட் ஊற்றும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் (இடைவெளி விடும் சிறு கட்டை) வைக்க மறந்தால் விளைவு இதுதான். ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுப் போகிறவரிடம் இந்த வேலையைக் கற்காதீர்கள்.

ஏற்கெனவே பல ஆண்டு வேலை பார்த்து, கையில் காகிதம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள், ஐடிஐ படிக்காமலேயே, அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அனுபவத்தைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், எந்த வீடு, எந்த மாதம், யாரிடம், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி, முடிந்தால் அவ்வப்போது கையொப்பமும் வாங்கி வைப்பது பின்னால் மிகவும் உதவும்.

18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். கையாளா, கொத்தனாரா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை பதிவு செய்தால் கிடைக்கும் அட்டையின் வழியே வருகின்றன. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுச் சாரத்திலிருந்து விழுந்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள் என்பதால், அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள்.