கிரீடம் சூடிய மறுநாள் முதல்

அழகிப் பட்டம் மேடையில் பரிசாகத் தெரியும். காகிதத்தில் அது ஒரு வருட வேலை. முதலாளி உண்டு, கமிஷன் உண்டு, வேலையிலிருந்து நீக்கும் விதியும் உண்டு. பல போட்டிகளில் வெற்றியாளருக்கான ஒப்பந்தத்தை எல்லாப் போட்டியாளர்களிடமும் இறுதிச்சுற்றுக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆகவே வழக்கறிஞரிடம் காட்ட வேண்டிய நேரம் அதுதான். ஜெயித்த பிறகு பேரம் பேச இடமிருக்காது.

ஒப்பந்தத்தில் முதலில் கமிஷன் எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு 100 வருகிறது, பயணமும் ஒப்பனையும் 40 தின்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதக் கமிஷனை மொத்தத்திலிருந்து எடுத்தால் உங்கள் கையில் நிற்பது 40. செலவு போக மீதியில் எடுத்தால் 48. ஒரு வரி வித்தியாசம், வருடம் முழுக்க நீளும். அடுத்து, பட்டக்காலம் முடிந்த பிறகும் எத்தனை மாதம் அவர்கள் உங்கள் வேலைகளில் பங்கு கேட்கலாம், உங்கள் படங்களை எதுவரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், துணைக்கு வருபவரின் பயணச்செலவு யாருடையது என்பவை. “நற்பெயருக்குக் களங்கம்” போன்ற வழவழ சொற்களுக்காகப் பட்டத்தைப் பறிக்கலாம் என்றிருந்தால், எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், பதில் தர இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். அறிவிக்கப்படும் பரிசுத்தொகையையும் பிரித்துப் பாருங்கள். ரொக்கம் எவ்வளவு, உடையும் பயிற்சியும் கல்வி உதவியுமாக வருவது எவ்வளவு? பொருளாக வரும் பரிசுக்கும் வரி கட்டும்படி ஆகலாம். அந்த வரியை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

பழைய புகைப்படங்களின் கணக்கையும் போட்டிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். 1983இல் மிஸ் அமெரிக்கா ஆன வனெஸ்ஸா வில்லியம்ஸ், முன்பு எடுக்கப்பட்ட படங்கள் அவர் சம்மதமில்லாமல் வெளியானதால் 1984 ஜூலையில் பட்டத்தைத் துறந்தார். மீதி வாரங்களுக்கு ரன்னர்-அப் சூசெட் சார்ல்ஸ் பொறுப்பேற்றார். போட்டி நிர்வாகம் வனெஸ்ஸாவிடம் மேடையில் மன்னிப்புக் கேட்டது 2015இல். எந்தப் புகைப்படக்காரரிடம் எந்தப் படம் இருக்கிறது, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால், செய்தி வந்த அன்று தடுமாற வேண்டாம். ரன்னர்-அப் ஆனவர்களும் பையைக் கட்டி மூலையில் வைத்துவிடாதீர்கள்: 1980 மிஸ் வேர்ல்ட் கேப்ரியெல்லா ப்ரும் 18 மணி நேரத்தில் விலகினார்.

வென்ற இரவே சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பட்டத்தின் பெயரிலுள்ள கணக்கு பெரும்பாலும் நிர்வாகத்துக்குச் சொந்தம், அடுத்த வருடம் அடுத்தவருக்குப் போய்விடும். சந்திக்கிறவர்களின் பெயர், வேலை, தொடர்பு எண், சந்தித்த இடம் நான்கையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதுங்கள். வருட முடிவில் உங்களிடம் மிஞ்சும் முக்கியச் சொத்து அதுவாகத்தான் இருக்கும்.

நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன் அமைப்பாளரிடம் கேட்டு எழுதிவாங்க வேண்டியவை: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா, பேச்சு எத்தனை நிமிடம், திரும்பும் வண்டி யாருடையது, மேடையில் பெயரை எப்படி உச்சரிப்பார்கள். “கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க” என்பது ஐந்து மணி நேரமாக நீளும் நிகழ்ச்சி. மாதத்தில் இரண்டு நாளை எதற்கும் தராமல் பூட்டிவையுங்கள்.

கிரீடம் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அன்று காலை அலசிய வழவழப்பான கூந்தல். முந்தின நாள் அலசிய முடியே பிடிக்கும். நெற்றி முடிவிளிம்பிலிருந்து மூன்று விரல்கடை பின்னால், கிரீடத்தின் சீப்பு இறங்கும் இடத்தில் மட்டும் முடியை எதிர்ப்பக்கமாகச் சீவி மெத்தைபோல் ஆக்கி, ஸ்ப்ரே அடியுங்கள். பக்கத்துக்கு இரண்டு ஹேர்பின் பெருக்கல்குறியாக, நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும். அப்போதே இறக்கி மாற்றுங்கள். பட்டத்தின் பெயர் எழுதிய தோள்நாடாவை (எல்லாரும் சாஷ் என்றே சொல்கிறார்கள்) தோளிலும் இடுப்பிலும் உள்பக்கமாக ஊக்கு குத்திப் பிடிக்க வேண்டும். பட்டுத் துணியில் பெரிய ஊக்கு துளையை விட்டுவிடும், சிறியதையே எடுங்கள். வெகுநேரம் நிற்கும்போது முழங்காலை இறுக்கிப் பூட்டாதீர்கள்: இரத்தம் காலில் தேங்கி, கண் இருட்டி விழுந்துவிட நேரிடும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, எடையை மாற்றி மாற்றி வையுங்கள். கைப்பையில் தட்டையான செருப்பு, ஊக்கு, இருபக்க ஒட்டுநாடா, ஊசிநூல், கொஞ்சம் உணவு. மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பு மாறும். ஒத்திகைக் காலத்து உணவும் உடற்பயிற்சியும் வருடம் முழுக்கத் தாங்குபவை அல்ல. 2021 மிஸ் யுனிவர்ஸ் ஹர்னாஸ் சந்துவை எடை கூடியதற்காகப் பலர் கேலி செய்தார்கள். தனக்குச் சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்) இருப்பதை அவர் வெளியே சொல்ல நேர்ந்தது. நிகழ்ச்சி உடைகளை வாங்கும்போதே இருபக்கமும் ஓரங்குலம் பிரித்துவிடத் தையல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு என்ன என்பதை ஐந்தாம் மாதமே தொடங்க வேண்டும். பதினோராம் மாதம் வரை காத்தால் புதிய பெயர்கள் பேச்சில் வந்துவிடும். 1994இல் பட்டம் வென்ற சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் பிறகு சினிமாவுக்குப் போனதால் அதுவே இயல்பான பாதையாகப் படுகிறது. 1966 மிஸ் வேர்ல்ட் ரீட்டா பரியா மருத்துவப் படிப்புக்கே திரும்பி மருத்துவரானார். 1981 மிஸ் யுனிவர்ஸ் ஐரீன் சயஸ் வெனிசுலாவில் சக்காவோ என்ற நகராட்சிக்கு மேயரானார், 1998இல் அதிபர் தேர்தலிலும் நின்றார், தோற்றார். பாதியில் விட்ட படிப்பு இருந்தால் இடத்தை ரத்து செய்யாமல் ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். நடிப்புதான் குறி என்றால் மாடலிங் படங்கள் போதாது. பேசி நடித்த இரண்டு நிமிடக் காட்சி வேண்டும், அதற்கு மொழிப் பயிற்சி வேண்டும். புது ஏஜென்சியில் கையெழுத்துப் போடுமுன் பழைய ஒப்பந்தத்தின் பின்தொடரும் மாதங்களை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு பேருக்குக் கமிஷன் போகும்.

கடைசி இரவில் உங்கள் தலையிலிருந்த அதே கிரீடம் அடுத்தவருக்குப் போவதானால், மேடையேறும் முன் நான்கு ஹேர்பின்னில் இரண்டை எடுத்துவிடுங்கள். புது அழகியின் தலையில் குத்த வேண்டியவற்றை உங்கள் விரலிடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அழுதுகொண்டு குனிவார். ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்தபடி மறுகையால் குத்துங்கள்.