வாளித் தண்ணீரும் ஏழு கரண்டி சர்க்கரையும்

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எடை பார்க்கும் மெஷினை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரு பிள்ளையின் எடை மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அந்தப் பிள்ளையின் காதில் ஏறாது.

வாளியில் 5 லிட்டர் தண்ணீர், சர்க்கரை, தேக்கரண்டி, காலி குளிர்பான பாட்டில் போதும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அது முழுவதிலும் இருக்கும் சர்க்கரை 4, 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. அதை ஒரு பிள்ளையே வாளியில் போட்டுக் கலக்கட்டும். அடுத்து பாட்டில் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் 300 மில்லிக்கு 30 கிராம், ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஏழு கரண்டிக்கு மேல். கணக்கை அவர்களே போடட்டும், வெள்ளைத் தாளில் அவர்களே குவிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். "இவ்வளவும் எங்க போகும்?" என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள்.

கேட்டதும் சொல்லுங்கள். கணையம் இன்சுலினைச் சுரக்க, தசையும் கல்லீரலும் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கின்றன. இடம் நிரம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாது. கணையம் மேலும் மேலும் சுரந்து கடைசியில் ஈடுகொடுக்க முடியாமல் போகும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, இப்போது பதின்ம வயதிலேயே.

பயத்தோடு பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. உடனே எல்லோரையும் இருபது முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடை சூடேறும்போது சொன்னால் மனதில் நிற்கும். 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள்!

வகுப்பில் முதல் வகை சர்க்கரை நோயுள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அது இனிப்புத் தின்று வருவதல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது என்று பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யாருக்காவது பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருந்தால் வகுப்பில் வாய் திறக்க வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். பெற்றோரைத் தனியே அழைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.