சீக்வென்சர் டேப் ரெக்கார்டர் இல்ல: டிஜிட்டல் பியானோல பாட்டு எடிட் பண்றப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் சும்மா நிக்கும், கடலுக்குப் போற தம்பிங்க ராத்திரி வீட்ல இருப்பாங்க, எங்க பாடகர் குழுல பாட்டுக்கு ட்ராக் போடுற வேலைய அப்பதான் வச்சுக்குவோம். ஜூலை 25 ராமேஸ்வரம் தீவுல வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்குள்ள எல்லாம் ரெடி ஆயிரணும். இந்தத் தடவை ரெண்டு தம்பிங்க புதுசா பியானோ சீக்வென்சர்ல, அதாவது வாசிக்கிறத ட்ராக் ட்ராக்கா பதிஞ்சு திருத்துற வசதில, ஒக்காந்தாங்க. அவங்க செஞ்ச தப்பு, முன்னாடி நான் செஞ்ச தப்பு எல்லாத்தையும் சேத்து எழுதுறேன், யாருக்காச்சும் ஒரு ராத்திரி மிச்சமாகட்டும்.

சீக்வென்சர் சத்தத்தப் பதியாது. எந்தக் கட்டைய எவ்வளவு வேகமா அமுக்குனீங்க, எப்ப விட்டீங்க, எந்த வாய்ஸ் (பியானோவா வயலினாங்கற கருவிச் சத்தம்), பெடல எங்க மிதிச்சீங்க, இந்தத் தகவல் மட்டும்தான் உள்ள இருக்கு. 1983ல மிடி, அதாவது மின்னணு இசைக்கருவிங்க இந்தத் தகவல பரிமாறிக்கிற பொது முறை, வந்ததுல இருந்து இதான் முறை. டேப்ல வெட்டி ஒட்டுற மாதிரி நெனச்சு கைய வச்சா பாதி குழப்பம் அங்கயே ஆரம்பிச்சிரும்.

மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் காட்டுறது) போடாம முதல் ட்ராக்க வாசிக்கிறது பெரிய தப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க வாசிச்ச பீட்டும் மெஷினோட பாரும் (ஒரு தாளவட்டம்) ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாம ஓடும், அப்புறம் 9வது பார்ல இருந்து காப்பி பண்ணலாம்னு போனா உங்க பல்லவி அந்த பாருக்கு நடுவுல எங்கயோ கெடக்கும். டெம்போவ (பாட்டு வேகத்த) பின்னாடி மாத்திக்கலாம். தாளக்கட்டு 4/4ஆ 6/8ஆன்னு மட்டும் ரெக்கார்ட் அமுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, நெறய மாடல்ல பதிஞ்ச பிறகு அத மாத்த விடாது.

அடுத்து குவாண்டைஸ், அதாவது முன்ன பின்ன விழுந்த நோட்ட மெஷினே பக்கத்துல உள்ள தாளப் புள்ளிக்கு இழுத்து வைக்கிறது, இதுல தான் நல்ல நல்ல பாட்டெல்லாம் நாசமாகுது. வலை இழுக்குற அம்பாப் பாட்டு மெட்டுல ஒரு காணிக்கைப் பாட்டு போட்டோம், திஸ்ர நடை, ஒரு பீட்டுக்கு மூணு தட்டு. தம்பி 4/4ல வச்சு அருமையா வாசிச்சுட்டு ஒரு பீட்ட நாலா பிரிக்கிற 1/16 குவாண்டைஸ் குடுத்துட்டான், பாட்டு நொண்ட ஆரம்பிச்சிருச்சு. ஏன்னு கணக்கா பாத்தா புரியும். ஒரு பீட்ட 480 துண்டா பிரிக்கிற மெஷின்ல திஸ்ரத்தோட ரெண்டாவது தட்டு 160ல விழும், மூணாவது 320ல விழும். 1/16க்கு அங்க இடமே இல்ல, அதுக்குத் தெரிஞ்சது 0, 120, 240, 360 தான், அதனால 160அ 120க்கு இழுத்துரும், 320அ 360க்குத் தள்ளிரும். மூணு தட்டுக்கும் இடைவெளி சமமா இருந்தது போச்சு. திஸ்ரம்னா பீட்ட மூணா பிரிக்கிற ட்ரிப்லெட் குவாண்டைஸ் தான் குடுக்கணும். ஸ்ட்ரெங்த் (நோட்ட எவ்வளவு சதவீதம் இழுக்கணும்ங்கறது) வைக்க வசதி இருந்தா 100 வைக்காதீங்க, 60, 70 போதும், வாசிச்ச ஆளோட கை கொஞ்சமாவது அதுல இருக்கணும்ங்கறது என் ஆசை. மெலடி ட்ராக்குக்கு நான் குவாண்டைஸ் குடுக்கறதே இல்ல, தப்பா விழுந்த ரெண்டு நோட்ட மட்டும் தேடித் திருத்துவேன்.

காப்பி பண்றப்ப பெடல மறந்துராதீங்க. 8 பார எடுத்து வேற இடத்துல ஒட்டுறீங்க, 8வது பார்ல பெடல மிதிச்சுட்டு 9வது பார் முதல் பீட்ல தான் விட்டிருக்கீங்கன்னா, மிதிச்ச தகவல் மட்டும் வரும், விட்ட தகவல் வராது. அதுக்கப்புறம் வர்ற நோட்டெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி கொழகொழன்னு கேக்கும், ஸ்பீக்கர் கெட்டுப் போச்சுன்னு தேடிட்டு இருப்பீங்க. காப்பி எடுக்கப் போற எடத்துல கடைசி பார் முடியறதுக்குள்ள பெடல விட்டு வாசிச்சுருங்க.

அழிக்கிறதுலயும் ரெண்டு வகை இருக்கு. எரேஸ்னா நோட்டு மட்டும் போகும், பார் காலியா அங்கயே நிக்கும். டெலீட்னா பாரே போயிரும், பின்னாடி உள்ளதெல்லாம் முன்னாடி நகந்து வரும். ஒரு ட்ராக்க மட்டும் டெலீட் பண்ணுனா பேஸ் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம்னு பாட்டு பிரிஞ்சு போயிரும், எல்லா ட்ராக்குக்கும் சேத்துத்தான் பண்ணணும்.

பாடுறவங்களுக்கு சுதி ரொம்பக் கீழ இருக்குன்னு எல்லா ட்ராக்கோட நோட்டையும் எடிட்ல போயி ரெண்டு ஏத்துனா ட்ரம்ஸ் மாறிப்போகும். ஜெனரல் மிடில (எல்லா கம்பெனி மெஷினுக்கும் பொதுவான கருவி வரிசை) 10வது சேனல் ட்ரம்ஸ், அங்க ஒவ்வொரு நம்பரும் ஒரு கருவி, 36 பேஸ் ட்ரம், 38 ஸ்னேர். ரெண்டு ஏத்துனா பேஸ் ட்ரம் அடிக்க வேண்டிய இடத்துல எல்லாம் ஸ்னேர் அடிக்கும். ட்ரம்ஸ் ட்ராக்க விட்டுட்டு மத்தத மட்டும் ஏத்துங்க, இல்ல நோட்ட மாத்தாம ஓட்டுறப்ப மட்டும் சுதிய மாத்துற பிளேபேக் ட்ரான்ஸ்போஸ்லயே முடிச்சுக்கங்க.

வாய்ஸ மாத்துனேன், மறுபடி முதல்ல இருந்து போட்டா பழைய வாய்ஸே வருதுன்னு நெறய பேர் கேக்குறாங்க. பாட்டோட தொடக்கத்துல பழைய வாய்ஸ் தகவல் எழுதியிருக்கும், அத அங்க போயித்தான் மாத்தி சேவ் பண்ணணும்.

சேவ்னு சொன்னதும் இது. எங்க பக்கம் காத்தடிச்சா கரண்ட் எப்பப் போகும்னு சொல்ல முடியாது. பல மாடல்ல பதிஞ்ச பாட்டு தற்காலிக மெமரில தான் இருக்கும், ஆஃப் ஆனா அம்புட்டும் போயிரும். அன்டூவும் நெறய மெஷின்ல ஒரு படி தான் பின்னாடி போகும். அதனால ஒவ்வொரு எடிட்டுக்கு முன்னாடியும் புது நம்பர்ல சேவ் பண்ணுங்க, காணிக்கை 1, காணிக்கை 2ன்னு, ராத்திரி எந்திரிக்கறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல ஒரு காப்பி, அந்த பென் டிரைவ பியானோலயே சொருகி வச்சுட்டுப் போகாம கையோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.