வகுப்பறையில் சாதி: நல்ல ஆசிரியர்களே செய்துவிடும் தவறுகள்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் வகுப்பாசிரியர் கையில் ஒரு கட்டு விண்ணப்பத்தோடு உள்ளே வந்தார். "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்கப்பா, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்றார். ஒன்பது பேர் எழுந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் எழுந்தான். அதுவரை எனக்கு அவன் கணக்கில் புலி, அவ்வளவுதான். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வராண்டாவின் மறுகோடிக்குப் போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. அந்தப் பணம் பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டும் என்று அலைந்தவர். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

காரணம் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களிடம் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைப் பற்றிப் பேசாத குழுக்களில் தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவு போட்டார்கள். வேறு சில குழுக்களில், ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் எதிரிலும் வாசித்தார்கள். அங்கே தலித் பையன்கள் போட்ட எண்ணிக்கை நன்றாகவே சரிந்துவிட்டது. சாதியை உரக்கச் சொன்னது மட்டும்தான் அங்கே புதிதாக நடந்தது. நம் வகுப்பறையில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அதையேதான் செய்கிறோம்.

அடுத்தது, கயிற்றை அறுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது. தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் நிறக் கயிறு எந்தச் சாதி என்று சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம் என்பதோடு, அகர வரிசையில் உட்கார வையுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கயிறு பற்றி எல்லாரும் பேசினோம். உட்காரும் வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கோடு எங்கே போட்டாலும் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியல் ஆய்வாளர் பிரிட்டனில் பள்ளிப் பையன்களை ஒன்றுமில்லாத காரணத்துக்காக, எந்த ஓவியரின் படம் பிடித்தது என்று கேட்டு, இரண்டு அணி என்று சொல்லி வைத்தார். தன் அணியில் யார் யார் என்றுகூடத் தெரியாமலே பையன்கள் அந்த அணிக்குக் கூடுதல் காசு ஒதுக்கினார்கள். 1971-ல் வெளிவந்த ஆய்வு இது. படத்துக்கே இப்படி என்றால், வீட்டிலும் தெருவிலும் தினமும் காதில் விழும் சாதிக்குக் கேட்கவே வேண்டாம்.

"ஒன்றாக விளையாட விட்டால் சரியாகிவிடும்" என்பதும் பாதிதான் சரி. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் போட்டிகள் நடத்திப் பார்த்தார். பல சாதியும் கலந்த ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் வேறு சாதிக்காரர்களைச் சந்தித்தவர்களிடம் அது நடக்கவில்லை, குறையவே செய்தது. இதைத் தெரிந்துகொண்டு நம் விளையாட்டு விழாவைப் பாருங்கள். "நீங்களே டீம் பிரிச்சுக்கோங்கடா" என்று பி.இ.டி. சார் சொன்னால், கபடி அணி தெருவாரியாகத்தான் பிரியும். மேலத்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஆட்டம் முடிவதற்குள் பழைய பகை மைதானத்துக்கு வந்துவிடும். அணியை ஆசிரியரே கலந்து பிரிக்க வேண்டும். கேப்டன் பதவியும் சுற்றி வர வேண்டும்.

அப்புறம் அந்தப் பாராட்டு: "நீ அவங்க மாதிரி இல்லப்பா." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு பையனைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், மற்றவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம் அப்படியே பத்திரமாக இருந்துவிடுகிறது. அவனுக்கோ, தன் அம்மா அப்பாவையும் சேர்த்துத் திட்டிய மாதிரிதான் கேட்கும். நன்றாகக் கணக்குப் போட்டால் "நல்லா போட்டிருக்கே" என்று சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, சண்டைக்குப் பிறகு இரண்டு பேரையும் கை குலுக்க வைத்து அனுப்புவது. அடித்தவனும் அடிபட்டவனும் அங்கே சமம் ஆகிவிடுகிறார்கள். முதலில் அடிபட்ட பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, நடந்ததை முழுக்கக் கேளுங்கள். நாளைக்குப் பள்ளிக்கு எந்த வழியாக, யாரோடு வருவான் என்பதையும் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தால் அதையும் அப்படியே தனியாகப் பெற்றோரிடம் கொடுத்துவிடலாம். யார் யாருக்கு என்ற விவரம் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. வகுப்பில் யாரையும் எழுப்பி நிறுத்தத் தேவையில்லை.