எந்த உண்ணி, எந்த விலங்கு: காட்டோரத்துக்கு ஒரு வழிகாட்டி

மசினகுடி பக்கம் மாடுகள் காலையில் காட்டுக்குள் போய் பொழுது சாயத் திரும்பும். கடமானும் காட்டெருமையும் மேய்ந்த புல்லில்தான் இவையும் மேய்கின்றன. அதனால் காட்டு விலங்கின் உண்ணி மாட்டின் மேல் ஏறிக் கொட்டகைக்கே வந்துவிடுகிறது. கால்நடை வேலையில் இருக்கும் என்னிடம் அதைக் காட்டினால், "மாட்டுண்ணிதானே" என்று சொல்லி நசுக்க விடமாட்டேன். எந்த உண்ணி என்று தெரிந்தால், அந்தப் புல்வெளியில் எந்த விலங்கு நடமாடுகிறது, எந்த நோய்க்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

அளவையும் நிறத்தையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி எந்த இனமானாலும் சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை மாதிரிதான் உப்பியிருக்கும். முதலில் கால்களை எண்ணுங்கள். ஆறு கால் என்றால் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்த முதல் பருவம். எட்டு கால் என்றால் நிம்ஃப் எனும் இடைப்பருவம், அல்லது வளர்ந்தது. மல்லாத்திப் போட்டு, முன்கால்களுக்கு நடுவே இனப்பெருக்கத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிம்ஃப். வளர்ந்ததில், மேலே உள்ள கெட்டியான முதுகு ஓடு முழு முதுகையும் மூடினால் ஆண், முன்பக்கம் மட்டும் மூடினால் பெண். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இதற்குப் போதும். லார்வாவின் இனத்தைக் கைலென்ஸில் சொல்ல முயலவேண்டாம், அது ஆய்வகத்து நுண்ணோக்கி வேலை.

அடுத்தது வாய். மேலிருந்து பார்த்தால் வாய் தெரிகிறதா? தெரியாமல் அடியில் ஒளிந்திருந்தால் அது மென்னுண்ணி வகை. கோழிக்கூண்டுப் பலகை இடுக்கில் பகலெல்லாம் பதுங்கும் ஆர்கஸ் அந்த வகைதான். தெரிந்தால், வாயின் இருபுறமும் உள்ள பால்ப்புகளை, அதாவது குட்டி உணர் உறுப்புகளைக் கவனியுங்கள். குட்டையாக, பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, கண்ணும் இல்லாமல் இருந்தால் ஹீமாஃபைசாலிஸ். வாயின் அடிப்பகுதி அறுகோணமாக, கண்ணோடு இருந்தால் ரைபிசெஃபாலஸ். நீண்ட பால்ப்பும் பட்டை போட்ட கால்களும் ஹையலோமா. நீண்ட பால்ப்போடு முதுகு ஓட்டில் வண்ணக் கோலமும் இருந்தால் பெரும்பாலும் அம்பிளையோமா. கோலம் இருந்தும் பால்ப் குட்டை என்றால் டெர்மசென்டார். மலத்துளையைச் சுற்றும் பள்ளம் அதற்கு முன்பக்கமாக வளைந்தால் இக்ஸோடஸ். மற்றவற்றில் அது பின்பக்கமாக வளையும், அல்லது தெளிவாகவே தெரியாது.

இனி விலங்குகள். மாட்டில் அதிகம் காணும் ரைபிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் லார்வாவிலிருந்து கடைசிவரை ஒரே விலங்கின் மேலேயே வாழும், மானிலும் ஏறும். அழுங்கின் செதில் இடுக்கில் இருப்பது அம்பிளையோமா ஜாவனென்ஸ். உடும்பிலும் பாம்பிலும் அம்பிளையோமா ஜெர்வைசி. கடமானில் பெரிய அம்பிளையோமா இன்டெக்ரம், காட்டுப்பன்றியில் டெர்மசென்டார் ஆரேட்டஸ். இந்தக் கடைசி இரண்டின் நிம்ஃப்கள் மனிதர்களின் காதுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. இலங்கையில் காது வலி என்று வருகிறவர்களிடம் மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். பறக்கும் அணிலில் இக்ஸோடஸ் பெட்டாரிஸ்டே.

எங்களுக்கு முக்கியமானது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழ, கூடவே மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்ததே, அந்தக் குரங்குக் காய்ச்சலைப் பரப்புவதில் முதலிடம் இதற்குத்தான். 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என்று அந்த நோய் தெற்கே தென்பட்டது. இதன் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விலங்கு வேண்டும். லார்வாவும் நிம்ஃப்பும் எலி, தரையில் மேயும் பறவை, குரங்கு ஆகியவற்றில் குடிக்கும். வளர்ந்தது கடமான், காட்டெருமை, மாடு, புலி போன்ற பெரிய விலங்குகளைத் தேடும். மனிதர்களைக் கடித்து நோய் தருவது பெரும்பாலும் நிம்ஃப். ஆகவே "குரங்கில் கிடைத்தது" என்றால் பாதித் தகவல்தான். எந்தப் பருவம் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் உதவும்.

சேகரிக்க, வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டி மாடு போகும் தடத்தில் மெதுவாக இழுங்கள். அடிக்கடி நின்று துணியைப் புரட்டிப் பாருங்கள். மாட்டில் காது மடல், வால் அடி, மடிப்பக்கம், தொடை இடுக்கு என்று தேடுங்கள். காட்டு விலங்கைத் தொட வனத்துறை அனுமதி கட்டாயம். செத்த விலங்கு என்றாலும் அப்படித்தான். செத்த குரங்கின் அருகே போகவே கூடாது. அதன் உடலிலிருந்து இறங்கிய உண்ணிகள் அங்கேயே காத்திருக்கும். இடத்தை மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பிடித்ததை 70 சதவீத ஆல்கஹால் உள்ள குப்பியில் போடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். "எருமை, காது உள்மடல், ஓடைக்கரை மேய்ச்சல், பெண் உண்ணி", கூடவே தேதி. ஒரு விலங்குக்கு ஒரு குப்பி.

உங்கள் உடம்பில் கடித்திருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எடுத்ததையும் குப்பியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் மருத்துவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லி, அந்தக் குப்பியையும் காட்டுங்கள்.