ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ் கார் ஷெட்: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஷெட்டின் கூரை ஒழுகத் தொடங்கியதும் ஏணியைச் சாய்த்து மேலே ஏறிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டின் தடிமன் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். பல ஆண்டு வெயிலும் மழையும் பட்ட பிறகு, ஆள் கால் வைத்தவுடன் அது பொட்டென்று உடைந்துவிடும். போல்ட் வரிசையை ஒட்டி நடந்தால் உடையாது என்று வேலையாட்கள் சொல்வதுண்டு. கால் ஒரு சாண் விலகினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஓரப் பகுதிகளை வெளியே சாரம் கட்டிக் கை எட்டும் தூரத்திலிருந்தே சரிசெய்துகொள்ளலாம். நடுப்பகுதிக்குப் போயே ஆக வேண்டுமானால், அகலப் பலகையும் பாதுகாப்புக் கயிறும் வைத்திருக்கும் பழகிய ஆட்களிடம் விட்டுவிடுவது நல்லது.

இந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை. சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அந்த இழையால் பெரிய ஆபத்தில்லை. அறுத்தாலோ தேய்த்தாலோ உடைத்தாலோ அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடுகிறது. அதனால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதால், “எத்தனையோ ஷீட் அறுத்துவிட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சு எதற்கும் சான்றாகாது. பிரிட்டன் 1999இல் கல்நாரை முழுமையாகத் தடைசெய்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இந்த ஷீட் இன்னும் விற்கிறது என்பதற்காக அதைத் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே, பாசியை நீக்குவதற்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் இயந்திரம் ஆகிய மூன்றையும் தொடவே கூடாது. சோப்பு கலந்த நீரை மெல்லத் தெளித்து, ஊறியபின் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

ஒழுகும் இடத்தைத் தவறாகக் கணிப்பதும் வழக்கமாக நடப்பதுதான். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டியதில்லை; நீர் ஷீட்டின் அடிப்பக்கத்திலோ இரும்புச் சட்டத்தின் மேலோ ஓடித் தள்ளி வந்து சொட்டும். மழை பெய்யும்போதே உள்ளே நின்று, நீர்த்தடம் தொடங்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டில் போய் முடியும்: நட்டின் கீழிருக்கும் தார் வாஷர் வெயிலில் காய்ந்து, வெடித்து, தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். உடனே ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினால், துளையைச் சுற்றி விரிசல் விட்டு, ஓர் ஒழுகல் மூன்றாகும். அந்த இடத்தை நனைத்து, நட்டைக் கையால் கழற்றிப் புது வாஷர் போட்டு, ஷீட் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். துருவேறிய போல்ட்டை போல்ட் கட்டரால் வெட்டலாம்; கிரைண்டர் கூடவே கூடாது.

விரிசலில் சிமெண்ட் பாலையோ இறுகிக் கல்லாகிவிடும் பசையையோ பூசினால், வெயிலில் ஷீட் விரிந்து சுருங்கும்போது அது பெயர்ந்துவிடும். நன்கு காய்ந்த பரப்பில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டலாம். வலைத்துணி பதித்து, இழுபடும் தன்மையுள்ள நீர்க்காப்புப் பூச்சும் அடிக்கலாம். பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துச் செங்கல் அடுக்குவது நம் தெருக்களில் அன்றாடம் காணும் வைத்தியம். அது நலிந்த ஷீட்டின்மேல் இன்னும் பாரத்தை ஏற்றுவதாகவே முடியும்.

மூக்கில் கட்டிய கைக்குட்டையும் சாதாரண மருத்துவ முகக்கவசமும் இந்தத் தூசியைத் தடுக்கா. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தரக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் சரியாகப் பதியாது. வேலை முடிந்ததும் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உடைந்த துண்டுகளையும் ஈரமாகவே தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றாகச் சுற்றி, கல்நார் என்று எழுதி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாசல் பள்ளத்தில் அவற்றைக் கொட்டி மேடாக்கினால், தினமும் ஏறி இறங்கும் டயர்கள் அவற்றைப் பொடியாக்கிவிடும்.